பவுடரை யாரும் விற்கவில்லை

ஜெர்மனி
14 செப்டம்பர் 2025

அன்புச் சுகன்யா,

போனில் 'ம்', 'சரி' இரண்டைத் தவிர நீ எதுவும் பேசமாட்டாய். மெயிலில் மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவாய். அதனால் நானும் எழுதுகிறேன். தவிர, இதை வாயால் சொன்னால் எனக்கு மறுபடியும் குமட்டும்.

நேற்று வார்டில் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி என்னைச் சந்தைக்கு அழைத்துப் போனாள். நல்ல குளிர். ஒரு கடையில் ரொட்டிக்குள் சாசேஜ் வைத்து, மேலே கடுகு அரைத்ததைத் தடவிக் கொடுத்தார்கள். மாட்டுக்கறி என்று நினைத்துச் சாப்பிட்டேன். பொய் சொல்லவில்லை, ருசியாகத்தான் இருந்தது. பாதி தின்ற பிறகு பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு குதிரைத் தலை. பிடரி மயிர் பறக்க, காதை விறைத்துக்கொண்டு, அவ்வளவு அழகாக வரைந்திருந்தார்கள். அங்கேயே, எல்லாரும் பார்க்க, வாந்தி எடுத்தேன்.

"ஏன், உங்கள் ஊரில் குதிரை சாப்பிடமாட்டீர்களா?" என்று அவள் சாதாரணமாகக் கேட்டாள். எங்கள் வீட்டுக் குதிரை மேல் உட்கார்ந்துதான் ஆரணியில் பாதி மாப்பிள்ளைகள் மண்டபத்துக்குப் போனார்கள் என்று அவளுக்கு எந்த பாஷையில் சொல்வேன்?

ராத்திரி முழுக்க எங்கள் குதிரை பவுடரின் ஞாபகம். நாலாம் வகுப்பில் நான்தான் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தேன், அத்தனை வெள்ளை என்று. அப்பா சாரட்டு வண்டியை விற்றுவிட்டு குட்டி யானை லோடு வண்டி வாங்கியபோது, ஒரே ஒரு வாக்குத்தான் கேட்டேன்: பவுடரை விற்கக் கூடாது. போளூரில் சிவப்பிரகாசம் என்பவரின் மாந்தோப்பில் விட்டிருப்பதாகச் சொன்னார். போட்டோ கேட்டால் மட்டும், அனுப்புறேன் அனுப்புறேன் என்று மாசம் போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போய்ப் பார்த்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன்.

இந்த ஊர்க்காரர்களுக்கு மனசு என்று ஒன்று கிடையாது. நம் ஜனம் எத்தனை மோசமானாலும் இப்படி இல்லை.

உன்
ஸ்டெஃபி

முள்ளிப்பட்டு
22 செப்டம்பர் 2025

அன்பு ஸ்டெஃபி,

உடம்பு இப்போது சரியா? கொஞ்ச நாள் ரசம் சாதமே சாப்பிடு. அங்கே புளி கிடைக்கிறதா?

சனிக்கிழமை பட்டுக் கடையில் பில் போட்டு முடித்துவிட்டு நேரே உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அப்பா குட்டி யானையைக் கழுவிக்கொண்டிருந்தார். தறிகளுக்குப் பாவு நூல் உருளை ஏற்றிப் போக நல்ல கிராக்கியாம்.

"வாம்மா, தறி ஓடுதா? உங்கப்பா சவுக்கியமா?"

"நல்லா இருக்காரு அங்கிள். ஸ்டெஃபி பவுடர் போட்டோ கேட்டா."

"போளூர்ல கீறான். துன்னுகினு, தூங்கிகினு, ரிட்டயர்டு கலெக்டராட்டம் கீறான்." சிரித்தார். ஆனால் ஏற்கெனவே கழுவிய சக்கரத்தையே மறுபடி கழுவினார்.

உள்ளே உன் அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுபோயிற்று. "அந்தப் பேச்சு இன்னாத்துக்கு இப்ப? காபி ஆறிகினு கீது, குடி," என்று ஆன்ட்டி என் கையில் டம்ளரைத் திணித்தார். எனக்கு மேற்கொண்டு கேட்க வாய் வரவில்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

நேற்று போளூர் போனேன். தோப்பு இருக்கிறது. சிவப்பிரகாசமும் இருக்கிறார். பவுடர் இல்லை.

"அந்தக் குதிரையா? நட்ட மாங்கன்னு ஒண்ணு விடாம மொட்டை அடிச்சான். குளம்பு வேற அழுகிகினு இருந்துச்சு. பேஜாரா பூட்டுச்சு. ஜூன் மாசமே பவுல்துரையைக் கூப்பிட்டு ஏத்தி அனுப்பிட்டனே, அவரு சொல்லலியா?" என்றார்.

உன் அப்பா எங்கே ஏற்றிப் போனார் என்று அவருக்குத் தெரியவில்லை. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மறைத்தால் நீ என்னையும் நம்பமாட்டாய்.

சுகன்யா

ஜெர்மனி
24 செப்டம்பர் 2025

சுகன்யா,

அப்பாவிடம் கேட்டேன். "சிக்னல் இல்ல, அப்புறம் கூப்புடு," என்று வைத்துவிட்டார். ஆரணி பஜாரில் சிக்னல் இல்லையாம்! அம்மா போனை எடுக்கவே இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. தரகர் காத்தவராயன் வந்திருப்பான். வயசான குதிரை, நொண்டிக் குதிரை என்றால் அந்த ஆளுக்கு எங்கிருந்துதான் மூக்கில் வேர்க்குமோ. ஜூன் மாசம் ஒரு நாள் அப்பா போனில், "காத்தவராயன் கேக்கறான், இன்னா சொல்ற?" என்றபோது நான் கதறி அழுதேன். அழுததற்கு மரியாதை இவ்வளவுதானா? பவுடர் யாரோ ஒருவன் கத்திக்குப் போயிருந்தால் எனக்கு அப்பா இல்லை என்று எழுதிக்கொள்.

இன்னொன்றும் கேள். என் வீட்டுக்காரம்மா உர்சுலாவும் ஒரு கிழட்டுக் குதிரை வைத்திருந்தார். இங்கே குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு. அது என்றைக்காவது கறிக்குப் போகுமா போகாதா என்று சொந்தக்காரர் அதில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அவர் 'போகாது' என்று எழுதியிருந்தார். நல்ல மனுஷி என்று நினைத்தேன். போன வாரம் குதிரை எழுந்திருக்க முடியாமல் போனதும் டாக்டரை வரவழைத்து ஊசி போட்டுக் கொன்றுவிட்டார். சாயங்காலம் அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து கேக் சாப்பிட்டார், சுகன்யா! எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குப்பையில் போட்டேன்.

நீ விடாதே. தேடு.

ஸ்டெஃபி

முள்ளிப்பட்டு
5 அக்டோபர் 2025, ஞாயிறு

ஸ்டெஃபி,

நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்.

பவுடரை யாரும் விற்கவில்லை. உன் அப்பா வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்.

கடையில் கூட வேலை பார்ப்பவளின் குழந்தைக்கு இன்று சேத்துப்பட்டில் காதுகுத்து. போகும் வழியில் ஏரிக்கரைப் பக்கம் பஸ் மெதுவாகப் போயிற்று. சாலையோரப் புளியமரத்தடியில் கூட்டம். நடுவில் வெள்ளையாக ஒன்று, கழுத்தில் சாமந்தி மாலை. ஏதோ ஊர்வலம் என்றுதான் நினைத்தேன். அப்போது அவன் தலையைத் தூக்கினான். இடது காதில் நுனி இல்லை. நம் பவுடர்தான்.

இறங்கிவிட்டேன். கண்டக்டர் கத்தியது காதிலேயே ஏறவில்லை.

மூன்று காலில் நிற்கிறான், ஸ்டெஃபி. முன்னங்கால் ஒன்று முட்டிக்குக் கீழே வேறு பக்கமாகத் திரும்பித் தொங்குகிறது. எலும்பு வெளியே தெரிகிறது. அந்த எலும்பின் மேல் யாரோ மஞ்சள் அப்பியிருக்கிறார்கள். நெற்றியில் குங்குமம். காலடியில் வாழைப்பழம், பொரி, எலுமிச்சம்பழம். ஒருத்தர் தன் பிள்ளையை அவன் பக்கத்தில் நிறுத்திச் சிரிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார். ஈ மொய்த்தது. நாற்றத்தைப் பற்றி எழுதமாட்டேன்.

எதிரே திலகவதி என்ற அம்மா டீக்கடை வைத்திருக்கிறார். அவர்தான் சொன்னார். "மூணு மாசமா கரையிலதான் மேஞ்சிகினு இருந்தான். யார் வம்புக்கும் போவமாட்டான். போன வாரம் லாரிக்காரன் அடிச்சிட்டு நிக்காம பூட்டான். அதுலேர்ந்து படுக்கவே இல்ல. முனீஸ்வரன் குதிரைன்னு ஜனம் வந்துகினே கீது."

"யாரும் டாக்டரைக் கூப்பிடலையாக்கா?"

"சாமிக்கு டாக்டரா?" என்று ஒரு ஆள் என்னை முறைத்தான்.

நான்தான் கூப்பிட்டேன். கால்நடை டாக்டர் கனிமொழி என்று பெயர். லீவு நாளிலும் ஸ்கூட்டரில் வந்தார். வலிக்கு ஒரு ஊசி போட்டார். இந்தக் கால் சேராது, குதிரையின் எடைக்குக் கட்டுப் போட்டும் பலன் இல்லை, மற்றக் கால்களும் இனிக் கெடும், இப்படி நின்று நின்றே சாகும் என்றார். வலிக்காமல் முடித்துவிடலாம், ஆனால் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும்; ஆள் தெரியாத மிருகம் என்றால் மேலே எழுதி உத்தரவு வர வேண்டும், நாளாகும் என்றார்.

காதுகுத்துக்குப் போகவில்லை. திரும்பி ஆரணி வந்து உங்கள் வீட்டுக்குத்தான் போனேன். கால் உடைந்தது என்றதும் உன் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"புல்லு இருந்துச்சு. ஏரித் தண்ணி இருந்துச்சு. நாந்தான் வண்டியில ஏத்திகினு போயி எறக்கி வுட்டேன். எதுலயும் மாட்டிக்கக் கூடாதுன்னு கயித்தக் கூட அவுத்துட்டேன்மா."

கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன்.

"நான் கொல்லணுமா? இத்தினி வருசம் சோறு போட்டவன நானே கொல்லணுமா? கர்த்தர் குடுத்த உசுரு. அவரு எடுத்துக்கட்டும்."

"அவர் எடுக்கற வரைக்கும் அவன் அங்கயே நிக்கணுமா அங்கிள்?"

என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே அதிர்ச்சி. ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டார். உன் அப்பா என்னைப் பார்த்துக் கத்தினார்:

"காத்தவராயன் கேட்டான். அறுப்புக்குன்னு தெரியும். இவ அங்கேர்ந்து விக்காதப்பான்னு அழுதா. விக்கல. வச்சி வைத்தியம் பாக்க எனக்கு வக்கில்ல. கொல்ல மனசில்ல. வேற இன்னாதான் வழி? படிச்ச புள்ளயாச்சே, நீ சொல்லு!"

 எனக்கு அவன் கால்தான் கண்முன் நின்றது.

நீ ஒரு வார்த்தை சொன்னால் கையெழுத்துப் போடுவார். இன்றே பேசு. போட்டோ கேட்டாய். எடுத்தேன். அனுப்பமாட்டேன்.

சுகன்யா

ஜெர்மனி
6 அக்டோபர் 2025

சுகன்யா, கொல்லாதே.

அப்பா அவிழ்த்துவிட்டாரா? பவுடரையா?  ஊசி குத்தக் கூட முடியாமல் டியூட்டியிலிருந்து பாதியில் வந்துவிட்டேன்.

அப்பாவிடம் நான் அதைச் சொல்லமாட்டேன். எப்படிச் சொல்வேன்? விற்காதே என்று அழுதவள் இப்போது கொல்லு என்று சொல்வதா? இங்கே எண்பது வயதுக்காரர்களுக்கு இடுப்பெலும்பு சேர்கிறது. வேறு டாக்டரைப் பார். பட்டை கட்டித் தூக்கி நிறுத்த முடியாதா? சென்னையில் யாராவது இருக்கமாட்டார்களா? எவ்வளவு ஆனாலும் நான் அனுப்புகிறேன்.

என்னைக் கேட்காமல் எதுவும் செய்யாதே. செய்தால் உனக்கும் அந்தச் சாசேஜ் கடைக்காரனுக்கும் என்ன வித்தியாசம்?

ஸ்டெஃபி

முள்ளிப்பட்டு
8 அக்டோபர் 2025

அன்பு ஸ்டெஃபி,

உன் மெயிலைப் படித்தேன். நீ சொன்னபடி சென்னைக்குப் பேசினேன். வேலூரிலும் ஒரு டாக்டரிடம் கேட்டேன். இருவரும் கனிமொழி டாக்டர் சொன்னதையே சொன்னார்கள். பிறகு கடைக்கு லீவு சொல்லிவிட்டு நேற்று ஏரிக்கரைக்குப் போனேன்.

அவன் மரத்தில் சாய்ந்திருந்தான். தண்ணீர் வைத்தால் வாயை நனைத்தான், விழுங்கவில்லை. மாலைகள் கூடியிருந்தன. யாரோ ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். சாம்பல் அந்தக் குளம்பின் மேலேயே உதிர்ந்துகொண்டிருந்தது.

டாக்டர் வந்து, "ஓனர் வந்தாச்சா?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

நம்பியிருக்கமாட்டார்.  ஆனாலும் காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

கூட்டம் சும்மா விடுமா? "ஓனராமே, ஓனரு! மூணு மாசமா மழையில நின்னானே, அப்ப எந்த ஊர்ல இருந்த நீ? கொல்றதுக்கு மட்டும் பஸ் ஏறி வந்துட்டியா?" என்று திலகவதி அக்கா கேட்டார். உங்கள் வீட்டுக்குச் சேர வேண்டிய பேச்சு. நான் வாங்கிக்கொண்டேன். "பொம்பள புள்ள செய்யற வேலையா இது? ஏழு ஜென்மத்துக்கும் பாவம்," என்றார் ஒரு பெரியவர். அவர் தோளில் பட்டுத் துண்டு. நெசவு வீட்டில் பிறந்த எனக்கு, கூட்டோடு புழுவை வெந்நீரில் போட்டுத்தான் அந்த நூலை எடுக்கிறார்கள் என்று தெரியும். அவருக்கும் தெரியும். கல்லூரியில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னபோது மேடையில் அழுதவள் நான். நேற்று அழவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "பிள்ளைங்கள அழைச்சிகினு தள்ளிப் போங்க," என்று மட்டும் சத்தமாகச் சொன்னேன்.

முதலில் மயக்க ஊசி. முட்டி மெல்ல மடங்கியது. லாரி அடித்த நாளிலிருந்து முதல் தடவையாகப் படுத்தான். பெருமூச்சு ஒன்று விட்டான், அவ்வளவு நீளமான மூச்சை நான் கேட்டதே இல்லை. பிறகு அடுத்த ஊசி.

மரத்துக்குப் பின்னால் ஜேசிபி வைத்துக் குழி எடுத்தார்கள். மாலைகளைக் கழற்றிவிட்டுத்தான் புதைத்தோம்.

உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டேன், நீ வேண்டாம் என்றாய், அதற்கு மேல்தான் செய்தேன் என்பதே சரி. சாசேஜ் கடைக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை. ஆனால் அவிழ்த்துவிடுவதைவிட எது கொடுமை என்று நேற்று முழுக்க யோசித்தேன். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சுகன்யா

ஜெர்மனி
2 நவம்பர் 2025

சுகன்யா,

இன்று கல்லறைத் திருநாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

நீ செய்தது தப்பு என்று எழுதப் பல தடவை உட்கார்ந்தேன், முடியவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், அதுவும் முடியவில்லை. உன் பெயரைப் பார்த்தாலே அந்த மரத்தடிதான் வருகிறது, நான் பார்த்தே இராத மரத்தடி. நாம் இனி எழுதிக்கொள்ள வேண்டாம். எத்தனை நாளைக்கு என்று கேட்காதே, எனக்கே தெரியாது. அப்பாவோடும் பேசுவதில்லை.

ஒன்றுக்கு மட்டும் பதில் போடு. ஆட்டுக்குட்டி உரசினாலே அலறுகிறவள் நீ. மயக்க ஊசி போடும்போது குதிரையின் தலையை ஒருவர் பிடித்தே ஆக வேண்டும், அது நீயாக இருக்க முடியாது. யார் பிடித்தது? முன்பின் தெரியாத யாரோ ஒருவரா?

ஸ்டெஃபி

முள்ளிப்பட்டு
2 நவம்பர் 2025

அன்பு ஸ்டெஃபி,

உன் அப்பா.

அன்று கிளம்பும் முன் ஆன்ட்டியிடம் போனில் சொல்லியிருந்தேன். நான் கையெழுத்துப் போட்ட பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நேரே அவனிடம் போனார். எல்லாம் முடிந்து போகும்போது, "ஸ்டெஃபிகிட்ட சொல்லாதம்மா," என்றார். அதனால்தான் எழுதவில்லை.

கல்யாண ஊர்வலத்தில் சரவெடி வைக்கும்போதெல்லாம் தோள் துண்டால் அவன் கண்ணை மூடுவாரே, அதே மாதிரி மூடி, தலையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "இன்னும் கொஞ்ச நேரம்டா, முடிஞ்சிடும், இதோ முடிஞ்சிடும்" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் போதும் என்று சொன்ன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுகன்யா