ஏரிக்கரைத் தெருவுக்குப் பக்கத்தில் ஐந்து மாடி

மதுராந்தகம்
3 மார்ச் 2025

மதிப்பிற்குரிய கட்டடக் கலைஞர் ஜெகதீசன் அவர்களுக்கு,

நலம். உங்கள் நலத்தை விளம்பரப் பலகையிலேயே பார்த்துக்கொண்டேன். எங்கள் தெருவை ஒட்டிய பழைய அரிசி ஆலை மனையில் ஐந்து மாடி வருகிறதாம், வடிவமைப்பு நீங்களாம். உங்களை விட்டு அப்பா வீட்டுக்கு வந்ததும் உங்கள் எண்ணை முடக்கிவிட்டதால் இந்தத் தபால்.

'தெருவின் இயல்போடு இசையும் இல்லங்கள்' என்று போட்டிருக்கிறீர்கள். முகப்பில் நாலு வரிசை ஓடு ஒட்டினால் இசைந்துவிடுமா? இங்கே எல்லோரும் ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டு வெகு காலமாயிற்று. மாமனார் வீட்டுக்கு வந்தபோது தலையை நிமிர்த்தியிருந்தால் தெரிந்திருக்கும்.

அது போகட்டும். தெருப் பக்கமாகப் படிப்படியாக இறங்குகிறது கட்டடம், ஒவ்வொரு படியிலும் ஒரு மொட்டைமாடி. அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எங்கள் வீடுகளின் பின்பக்கம் அத்தனையும் தெரியும். இந்தத் தெருவில் பெண்கள் குளிப்பது அங்கேதான், நாலு சுவருக்குள், மேலே கூரை கிடையாது. பக்கத்து வீட்டு வேண்டா அக்கா பலகையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இன்னாடி பூங்கொடி, நாம குளிக்கறதப் பாக்க உன் வூட்டுக்காரரு மேடை கட்டிகினு கீறாரா?" மானம் போயிற்று எனக்கு.

உங்களுக்கு இது தோன்றியிருக்காது. மாப்பிள்ளை வருகிறார் என்று அப்பா உங்களுக்காகவே கூரை போட்டு, கெய்சர் வைத்துக் குளியலறை கட்டினார். அதைத் தாண்டி நீங்கள் பின்பக்கம் வந்ததே இல்லை.

இப்படிக்கு,
பூங்கொடி

சென்னை
12 மார்ச் 2025

அன்புள்ள பூங்கொடிக்கு,

கோபத்திலாவது எழுதினாயே, சந்தோஷம். ஐந்து மாடியைச் செங்குத்தாக நிறுத்தினால் மதியத்துக்கு மேல் உங்கள் தெருவில் வெயிலே விழாது. அதனால்தான் தெருப் பக்கம் இரண்டு மாடி, உள்ளே போகப் போக உயரம். வெளிநாட்டில் இதைத்தான் செய்கிறார்கள். நீ கணக்கு டீச்சர், கட்டடத்தை என்னிடம் விடு. இந்தக் காலத்தில் கூரையில்லாமல் குளிப்பவர்கள் ஒரு தகரம் போட்டுக்கொள்ளட்டுமே.

உப்பைக் குறை. மாத்திரையை விடாதே.

உன்,
ஜெகதீசன்

மதுராந்தகம்
18 மார்ச் 2025

திருவாளர் ஜெகதீசனுக்கு,

பங்குனி வெயிலில் தகரத்துக்கடியில் நின்று முதலில் நீங்கள் குளித்துக் காட்டுங்கள்.

உயரத்தைக் குறைத்தது நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? மேலே ஆள் நிற்பதைத்தான் வேண்டாம் என்கிறோம். மொட்டைமாடி ஓரத்தில் அகலமாகத் தொட்டி கட்டிச் செடி வைத்தால் யாரும் விளிம்புக்கு வர முடியாது. ஜன்னலைத் தலைக்கு மேலே ஏற்றினால் வெளிச்சம் வரும், கண் வராது. படத்தில் எங்கள் தெருப் பக்கம் காட்டியிருக்கும் ஜெனரேட்டரைப் பெரிய ரோட்டுப் பக்கம் தள்ளுங்கள். தெருவில் நாலு பேரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். என்னைக் கேட்காமலே என் பள்ளிக்கு என் ராஜினாமாவை எழுதி அனுப்பியவர் நீங்கள். உங்களிடம் போய் நாலு பேரைக் கேட்பதைப் பற்றிப் பேசுகிறேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

பூங்கொடி

சென்னை
2 ஜூலை 2025

அன்புப் பூங்கொடிக்கு,

நீ ஜெயித்தாய். தொட்டி, உயர்ந்த ஜன்னல், ஜெனரேட்டர் எல்லாம் வரைபடத்தில் ஏறிவிட்டன. வீடு வீடாகக் கேட்டுவிட்டு வரும்படி அலுவலகத்திலிருந்து ஜெயப்பிரியாவை நான்தான் அனுப்பினேன். அவள் வந்து சொன்னதைக் கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

இன்னொரு நல்ல செய்தி. இரண்டாம் மாடியில் ஏரி தெரியும் வீட்டை நம் இருவர் பெயரிலும் பதிந்துவிட்டேன். உன் அப்பாவுக்கும் சம்மதம். கட்டி முடித்து 2027 தை பிறந்ததும் குடிபோகிறோம். உன் சமையலறைக்குப் பச்சை வர்ணம் சொல்லியாயிற்று.

உன்,
ஜெகதீசன்

மதுராந்தகம்
9 ஜூலை 2025

ஜெகதீசனுக்கு,

ஜெயப்பிரியா நல்ல பெண். வேண்டா அக்கா வீட்டில் மோர் குடித்து, பின்பக்கம் வந்து நின்று, அண்ணாந்து பார்த்தாள். புதிய படத்தைத் தெருவே பார்த்துவிட்டது. "இது பரவால்லடி, பக்கத்துல இருந்துட்டுப் போவட்டும்" என்றாள் அக்கா. கட்டடம் எங்கள் பக்கத்தில் இருக்கலாம்.

நீங்கள் வேண்டாம். உங்கள் நல்ல செய்தியைப் படித்தபோது கோபம்கூட வரவில்லை, சிரிப்புதான் வந்தது. தெருவில் எல்லாக் கதவையும் தட்டச் சொன்னவருக்குப் பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

இருவரும் மனமொத்துப் பிரிவதற்கான மனுவை வக்கீல் லோகநாயகி எழுதிக் கொடுத்திருக்கிறார். இத்துடன் வைத்திருக்கிறேன். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உங்களைக் கேட்டுவிட்டுப் போடலாம் என்றிருக்கிறேன்.

சம்மதமா?

பூங்கொடி