பட்டனுக்காக வாங்கிய அழுக்கு

அன்பு மகன் டேரிலுக்கு,

கடலும் காற்றும் உன்னிடம் பொல்லாத்தனம் காட்டாமல் இருக்கட்டும். நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், உன் மீன் பட்டனைப் பற்றி மட்டும் அப்படி எழுதக் கை வரவில்லை. நடுக்கடலில் இருப்பவனுக்குப் போன் எட்டாதே, படகு அலாஸ்காக் கரைக்கு வரும்போது உன் கையில் கிடைக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

உன் பழைய தொட்டி மூலையில் விரிசல் விட்டுத் தரையெல்லாம் தண்ணீர். உன் அப்பா டவுனுக்குப் போய்ப் புதுத்தொட்டி வாங்கி வந்தார், போன வழியில் லார்சன் வீட்டு மாடு பனியில் சறுக்கி விழுந்ததைத் தூக்கிவிட்டு வந்த கதை தனி, அதை விடு. புதுத்தொட்டிக்கு எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் என்று, நான் வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிகளை வேகவைக்கும் பானையிலேயே பழைய தொட்டியின் வடிகட்டிக்குள் இருந்த பஞ்சையும் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டார் மனுஷன். ஊறுகாய் கெடாமல் இருக்க அப்படித்தானே செய்வோம், மீனுக்கும் அதுதான் நல்லது என்று நினைத்திருக்கிறார். பட்டன் புதுத்தொட்டிக்குள் போன மறுநாளே மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கியது.

பயந்துபோய் முடிவெட்டும் கடை லவானைக் கூப்பிட்டேன், அவள் கடையில்தான் பெரிய தொட்டி இருக்கிறதே. பானையைப் பார்த்ததும் தலையில் கை வைத்து, "அடியே ஆர்லிஸ், அந்த அழுக்குலதானடி மீனோட உசிரே இருக்கு! மீனு போற மூத்திரத்தத் தின்னு தீக்கிற கிருமியெல்லாம் அதுக்குள்ளதான் குடியிருக்கும், உன் புருசன் அதையெல்லாம் சூப்பு வச்சுட்டானே" என்றாள். புதிதாக அவை பெருக வாரக்கணக்கில் ஆகுமாம், அதுவரை பட்டன் தன் விஷத்திலேயே கிடக்க வேண்டுமாம். சீக்கிரமாக வேண்டுமென்றால் பழைய தொட்டி ஒன்றின் அழுக்குப் பஞ்சை அப்படியே கொண்டுவந்து போடவேண்டும். அவளுடையதைக் கேட்டேன். "தர்றேன்டி, ஆனா போன மாசம் என் மீனுக்கு வெள்ளப் புள்ளி வந்துச்சு, மருந்து ஊத்துனேன், போயிருச்சுன்னுதான் நினைக்கிறேன், சத்தியமெல்லாம் பண்ணமாட்டேன்" என்றாள்.

போடாவிட்டால் விஷம், போட்டால் நோய் வந்துவிடுமோ. இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடம் தொட்டி இருக்கிறது? உன் அப்பா, "போட்டுருவோம் ஆர்லிஸ், சும்மா பாத்துக்கிட்டு நிக்க என்னால முடியல" என்றார். பாதிப் பஞ்சை வாங்கி வந்து போட்டோம். தினமும் பாதித் தண்ணீரை மாற்றுகிறோம், தீனி ஒரு சிட்டிகைதான். தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, விஷம் எவ்வளவு என்று காட்டும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் முதலில் கரும்பச்சை, இன்று கொஞ்சம் வெளிறிய பச்சை, மஞ்சளானால்தான் தப்பித்தோம். ஆனால் காலையில் வால் ஓரத்தில் வெள்ளையாக என்னவோ தெரிந்தது, நீர்க்குமிழியா புள்ளியா தெரியவில்லை, உன் அப்பாவிடம் சொல்லவில்லை, அவர் ஏற்கெனவே சோற்றைத் தொடாமல் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார்.

கடவுள் உன்னைக் காக்கட்டும், ஈரக் காலுறையோடு தூங்காதே. கரைக்கு வந்ததும் வீட்டுக்குப் போன் செய். அப்பா எடுத்தால் பட்டன் பிழைத்தது என்று வைத்துக்கொள். நான் எடுத்தால், அவரைத் திட்டாதே கண்ணா.

உன் அம்மா,
ஆர்லிஸ்