இருபத்துநாலு கூப்பனும் ஒரு கட்டுச்சோறும்

ஆடி 3, சனி

காற்று. மாடியில் காயப்போட்ட வற்றல் முழுக்க மண். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்குமாம். இந்த வீட்டில் பறக்க அம்மி ஒன்றுதான் பாக்கி.

மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. குறுவை போயிற்று. நிலத்தைக் குத்தகைக்கு உழும் கோவிந்தராசு மூன்று வருஷமாக நெல் அளக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் அவன்தான் எங்கிருந்து அளப்பான்? இதை இவரிடம் சொல்ல முடியாது. "நீயும் குத்தகைக்காரன் சங்கத்துல சேந்துட்டியா?" என்பார். குத்தகை பாக்கி வழக்கு கோர்ட்டில். வாய்தா மேல் வாய்தா. ஆட்சி மாறினால் தீர்ப்பு மாறும் என்று இவர் கட்சிக்காரர்கள் சொன்னார்கள். ஆட்சி மாறியது, வக்கீல் மாறினார், வாய்தா மாறவில்லை.

அரிசி கடையில் வாங்குகிறோம். படி கணக்கில். முதல் தடவை பையை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தேன். இப்போது மூடுவதில்லை.

வசந்தாவுக்கு ஏழாம் மாதம் பிறக்கப் போகிறது. ஆவணியில் வளைகாப்பு. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சீர்காழிக்குப் போய்ப் பெண்ணை அழைத்து வர வேண்டும். தலைப் பிரசவம், தாய் வீட்டில்தான். எதை வைத்து என்று யாராவது சொன்னால் தேவலை.

ஆடி 4, ஞாயிறு

பக்கத்து வீட்டு நூர்ஜஹானிடம் பழைய பேப்பர் கேட்கப் போனேன், அலமாரியில் விரிக்க. கொடுத்த பேப்பரில் ஜன்னல் ஜன்னலாக ஓட்டை. எலி என்று நினைத்தேன்.

"எலி இல்லக்கா, நாந்தான். கூப்பன் வெட்டுனேன்."

வீட்டுக்காரர் துபாயில். பணம் வருகிறது. இருந்தும் வெட்டுகிறாள். "வர்ற காசு வராம போற நாளும் வரும்லக்கா" என்றாள். பழைய கல்யாணப் பத்திரிகை உறைகளில் சோப்பு தனி, டீத்தூள் தனி, எண்ணெய் தனி. ஒரு கடையே வைத்திருக்கிறாள் உறைக்குள்.

சொல்லிக்கொடுத்தது:
முதலில் கடைசித் தேதி பார்.
கிழிக்காதே, வெட்டு.
கூப்பன் இருக்கிறதே என்று வேண்டாததை வாங்காதே.

தெற்கு வீதியில் புதிதாகத் திறந்த பெரிய கடையில் ஒவ்வொரு பில்லுக்கும் கூப்பன் தருகிறார்களாம். இருபத்துநாலு சேர்த்து அட்டையில் ஒட்டினால் ஒரு மாத மளிகை சும்மா. பருப்பு, உளுந்து, புளி, எண்ணெய், வெல்லம் எல்லாம் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. படித்துக்கொண்டே இருந்தேன். புளியோதரைக்கு ஆச்சு. சர்க்கரைப் பொங்கலுக்கு ஆச்சு. கட்டுச்சோறே அந்த அட்டையில் இருக்கிறது.

ஆடி 9, வெள்ளி

பெரிய கடைக்குப் போனேன். வாசலில் நின்றேன். என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். கடைசியில் கல்லாவில் இருந்த கண்ணாடி போட்ட பெண், "கூடை எடுத்துக்கிட்டு நீங்களே எடுத்துக்கலாம்மா" என்றாள். அடுத்தவர் கடையில் கை வைத்து எடுக்கக் கூச்சமாக இருந்தது. திருடுவது போல் சுற்றுமுற்றும் பார்த்துத்தான் கடுகை எடுத்தேன்.

ஒரு கூப்பன். ஊதா மசியில் நம்பர் குத்தியது. இன்னும் ஈரம். ஊதிக்கொண்டே வீடு வந்தேன்.

ஆடி 15, வியாழன்

தப்பு செய்தேன். பேப்பரில் சலவை சோப்புக்குக் கூப்பன், இரண்டு வாங்கினால் ஒன்று சும்மா, கடைசி நாள் இன்று. பருப்புக்கு வைத்ததில் சோப்பு வாங்கி வந்தேன். நூர்ஜஹானின் மூன்றாவது விதி போயிற்று. பிள்ளைத் துணி துவைக்க ஆகும் என்று எனக்கே சமாதானம். போன வாரம் வாங்கியதையும் சேர்த்து அலமாரியில் சோப்பு பத்து. டப்பாவில் பருப்பு இரண்டு பிடி.

இவர் பார்த்தார். "மிராசு வீட்டு மருமக, கத்திரிக்கோலும் கையுமா அலையறா. ஊர்ல தெரிஞ்சா காறித் துப்புவான்."

துப்பட்டும். துப்புகிறவன் கால் கிலோ பருப்பும் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. ஆற்றில் மணல். குழாயடியில் குடத்துக்கு மஞ்சள் பூசிக் கும்பிட்டார்கள். நானும்.

எலுமிச்சை சாதம் மட்டும் கிளறினேன். தேங்காய் சாதம் இல்லை, தேங்காய் விற்கிற விலையில். கட்டுச்சோற்றுக்கு ஐந்து வகையாவது வேண்டும் என்று யோசித்துக்கொண்டே பரிமாறியதில் உப்பு வைக்க மறந்தேன்.

ஆடி 22, வியாழன்

புழுக்கம். சம்பந்தியம்மா வந்திருந்தார், பெரிய ஆஸ்பத்திரியில் யாரையோ பார்த்துவிட்டு அப்படியே. சொல்லாமல் கொள்ளாமல். காப்பிக்குச் சர்க்கரை நூர்ஜஹான் வீட்டிலிருந்து, கொல்லை வழியாக.

பின்னாலேயே சமையல்கட்டுக்கு வந்துவிட்டார். அலமாரி திறந்து கிடந்தது.

"என்ன சம்பந்தி, இவ்வளவு சோப்பு! கடை வைக்கப் போறீங்களா?"

"பிள்ளைத் துணிக்குன்னு சேத்து வச்சேன்."

சிரிக்கவில்லை அவர். பருப்பு டப்பாவையும் பார்த்துவிட்டார் போல. என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிரமப்படாதீங்க. எங்க ஊர்லயே ஆஸ்பத்திரி இருக்கு. பிரசவத்த நாங்களே பாத்துக்கறோம். நாலு பேரு கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார்.

குத்திக் காட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். நல்ல மனுஷி. அதுதான் தாங்க முடியவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் சிரமமில்ல, கட்டுச்சோத்தோட வந்துருவோம்" என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் என்று தெரியவில்லை.

அவர் போனபின் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். பெண்ணைப் பெற்று, ஒரு பிரசவம் பார்க்க வக்கில்லாத வீடு. நெல் கொட்டும் பத்தாயம் மட்டும் ஆள் உயரம்.

ஆடி 28, புதன்

நூர்ஜஹானிடம் எல்லாம் சொன்னேன். உள்ளே போய் ஒரு பத்திரிகை உறையைக் கொண்டு வந்து மடியில் போட்டாள். கடை திறந்த நாளிலிருந்து அவள் சேர்த்தது.

"உனக்கு வேணாமா?"

"எனக்கு அடுத்த மாசம் சேரும்க்கா. பிரசவம் அடுத்த மாசத்துக்கு நிக்குமா?"

என்னுடையது ஒன்பது. அவளுடையது பதினைந்து. சாதம் வடித்த கஞ்சியால் இரண்டு பேருமாக ஒட்டினோம். வரிசை கோணாமல். இப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று.

ஆடி 30, வெள்ளி

கடைசி வெள்ளி. வேப்பிலை, கூழ்.

அட்டையை இவரிடம் காட்டினேன். வாங்கி, கண்ணாடி போட்டு, பின்பக்கம் வரை படித்தார். "நெசமாவே தர்றானா?" என்றார். "தர்றான். நாளைக்கு வாங்கணும்" என்றேன்.

"இன்னிக்கு நாள் நல்லாருக்கு. இத சாமிகிட்ட வச்சு எடுத்துட்டுப் போ."

கத்திரிக்கோலும் கையும் என்று ஏசிய வாய். என் காரியம் ஒன்றைத் தன் காரியமாக அவர் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கொடுத்தேன். கூழ் காய்ச்ச அடுப்படிக்குப் போனேன். பூஜை மணி கேட்டது, வெகு நேரம்.

ஆடி 31, சனி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் பூஜை மாடத்திலிருந்து அட்டையை எடுத்தேன். ஒவ்வொரு கூப்பனுக்கும் குழைத்த மஞ்சள், மேலே குங்குமம். ஒன்று விடாமல். ஊதா மசி கரைந்து மஞ்சளில் ஓடியிருந்தது. கடைசி வரிசைக்கு வருவதற்குள் மஞ்சள் வற்றியிருக்க வேண்டும், அங்கே மட்டும் லேசான பொட்டு.

இவருக்கு வழக்கம். பத்திரம், வழக்கு மனு, விதை வாங்கிய ரசீது, எல்லாவற்றுக்கும் மூலையில் மஞ்சள். வரவு வருகிற காகிதத்துக்கு வைக்காமல் இருப்பாரா? இது வரவு என்று நம்பிவிட்டார், பாவம். மஞ்சள் வைத்த எந்தக் காகிதம் இதுவரை ஜெயித்தது என்று கேட்கலாம். கேட்க வாய் வரவில்லை.

துணியால் ஒற்றிப் பார்த்தேன். இன்னும் பரவியது.

கடைக்குக் கொண்டுபோனேன். கண்ணாடிப் பெண் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நம்பரே தெரியலையேம்மா."

"ஆடி வெள்ளி... பூஜையில வச்சது."

முதலாளி வந்தார். அவரும் பார்த்தார். முதலில் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், மஞ்சள் குங்குமம் அல்லவா. அப்புறம் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்கம்மா. நம்பர் இல்லாம கணக்குல ஏத்த முடியாது. கடைசி வரிசை ஆறு நல்லாருக்கு. அதுக்கு ஒரு சோப்பு தரச் சொல்றேன்."

அந்தப் பெண் அழிந்த பதினெட்டின் மேலும் சிவப்புப் பேனாவால் கோடு போட்டாள். வேறு யாரும் கொண்டுவந்துவிடக் கூடாதாம்.

சோப்பையும் அட்டையையும் வாங்கிக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்று சொல்லக்கூட முடியாத நிலைமை.

ஆவணி 2, திங்கள்

மேகம் மட்டும்.

இவர் கேட்டார், "குடுத்தானா?" என்று. ஆசையாகத்தான் கேட்டார். "திட்டம் முடிஞ்சுருச்சாம், ஒரு நாள் பிந்திட்டோம்" என்றேன். "நாந்தானே ஒரு நாள் சாமிகிட்ட வைக்கச் சொன்னேன்" என்று முகம் சுருங்கியது. அதற்கும் இல்லை என்றேன். அட்டையைக் காலண்டருக்குப் பின்னால் சொருகிவிட்டேன். கிழிக்க மனசு வரவில்லை, மஞ்சள் குங்குமம்.

நூர்ஜஹான் கடன் தருகிறேன் என்றாள். சர்க்கரை கடன் வாங்கலாம். பிரசவத்தை வாங்க முடியுமா?

ஆவணி 6, வெள்ளி

நேற்று சீர்காழி. வளைகாப்பு.

நாங்கள் கொண்டுபோனது: எலுமிச்சை சாதம் ஒரு தூக்கு, பூ, கண்ணாடி வளையல். அவர்கள் வீட்டில் ஏழு வகை சாதம் தயாராக இருந்தது. சம்பந்தியம்மா என் தூக்கை வாங்கி எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கச் சொல்லி வைத்திருக்கிறார் என்று தெரிந்தது.

வசந்தாவுக்கு முகம் வீங்கி, அழகாக. முழங்கை வரை வளையல். அழைத்துக்கொண்டு போகிறோம் என்று நான் பேச்செடுப்பதற்குள் என்னை உள்ளே கூட்டிப்போய், "அம்மா, நான் இங்கயே இருக்கேன். எனக்கு ஒண்ணும் வருத்தமில்லம்மா" என்றாள்.

வருத்தமில்லை என்று எனக்குச் சொல்லும்படி ஆகிவிட்டது என் பெண்ணுக்கு. "அங்க வந்தா உனக்குப் பத்தியச் சோறு போடுவேன்டி" என்றேன். "தெரியும்மா" என்றாள். கண்ணைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம். இவர் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். ஏறிப் பார்த்தால் மூன்று பேர் இடத்துக்கு விரித்திருக்கிறார். ஒரு அம்மாள் கூடையோடு வந்து, "இங்க ஆள் வருதா?" என்று கேட்டாள். இவர் துண்டை இழுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "இல்ல, உக்காருங்க."

மாயவரம் தாண்டியது. அப்புறம், என்னைப் பார்க்காமல்:

"நம்பர் மேல படாம வச்சிருக்கணும்."

காலண்டருக்குப் பின்னால் இருந்ததை எப்போது பார்த்தாரோ.

இன்று துணி துவைக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை. சோப்பு பதினொன்று இருக்கிறது. பிள்ளைத் துணிக்கு என்று வைத்தது.