ஹிட்ச்ட் என்றால் கார் நின்றுவிட்டது என்று நினைத்தேன்

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் கண்ணாடிக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முந்தாநாள்வரை அவரை உன் சிநேகிதர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், இனிமேல் மாப்பிள்ளை என்று சொல்ல வேண்டும், வாய் இன்னும் பழகவில்லை. ஆமாம், விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் நீ நினைத்துக்கொண்டிருப்பதுபோல் உன் மெசேஜைப் பார்த்த அன்றே தெரியவில்லை, அதைச் சொல்லத்தான் போனை விட்டுவிட்டுக் காகிதத்தை எடுத்தேன்.

அன்றைக்கு பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழுதாகி நின்ற ஒரு வேனை நம் இழுவை வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தேன். இன்று ஹிட்ச்ட் ஆகிவிட்டோம், முன்பே சொல்ல முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று நீ ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய். எனக்கு ஹிட்ச் என்றால் வண்டிக்குப் பின்னால் இருக்கிற கொக்கிதான். உன் ஓட்டைக் கார் ஒருநாள் நடுரோட்டில் காலை வாரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேனே, வாரிவிட்டது, யாரோ கட்டி இழுத்துப் போகிறார்கள் என்று நினைத்து எண்ணெய்க் கையோடு பதில் போட்டேன். கவலைப்படாதே, இது எல்லோருக்கும் நடப்பதுதான், ஆரம்பத்தில் மெதுவாகப் போங்கள், முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் போடக் கூடாது, பின்னால் வருகிறவர் கயிற்றைத் தொய்யவிடக் கூடாது, போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று. நீ உடனே, அப்பா, ரெண்டு பேரும் படிச்சு அழுதுட்டோம், இதைவிட நல்லா யாரும் வாழ்த்த முடியாது என்று எழுதினாய். கார் நின்றதற்கு ஏன் அழ வேண்டும், பாவம், பயந்துபோயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வேனை இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.

முந்தாநாள் உன் சித்தி சாப்பிட வந்திருந்தாள். அவ்வளவு தூரத்தில் இருந்தாலும் என் மகள் வண்டி விஷயத்தில் என்னைத்தான் கேட்கிறாள் என்று பீற்றிக்கொண்டு மெசேஜைக் காட்டினேன். அவள்தான் இங்கிலீஷ் சீரியலாகப் பார்த்துத் தள்ளுகிறவள் ஆயிற்றே. ஒரு தரம் படித்தாள், இன்னொரு தரம் படித்தாள், அத்தான், அவ கார் எங்கயும் நிக்கலை, கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு சொல்றா என்றாள். உன் அம்மா குழாயை மூடிவிட்டு வந்து, என்கிட்ட ஏன் சொல்லலை என்று மட்டும் கேட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்து நீளமாக ஒரு மெசேஜ் அடித்தேன், அதில் என்ன இருந்தது என்று கேட்காதே. அனுப்பப் போகிற நேரத்தில் மேலே நீ எழுதியது கண்ணில் பட்டது, ரெண்டு பேரும் அழுதுட்டோம் என்று. ஹிட்ச்ட் என்ற வார்த்தை எனக்கு அன்றைக்கே புரிந்திருந்தால் இந்த நீள மெசேஜைத்தான் நீங்கள் இருவரும் கல்யாண நாளில் உட்கார்ந்து படித்திருப்பீர்கள். அதை நினைத்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வருகிறது என்று நீ முன்பே சொன்னாய், சேர்ந்து போக வேண்டும் என்ற அவசரம் எனக்குப் புரிகிறது. எனக்கு இப்போது கோபம் இல்லை, அவரையும் பிடிக்கும், பேசும்போது நம் பேச்சு முடிகிறவரை காத்திருக்கிற ஆள் அவர். புது வீட்டில் தண்ணீர்க் குழாய், மின்சார ஸ்விட்ச் எல்லாம் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

அம்மா விஷயம்தான் பாக்கி. அவளுக்குக் கல்யாணம் நடந்ததில் வருத்தமில்லை, உன் வாயால் கேட்கவில்லையே என்றுதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கூப்பிடு. அவளுக்கு எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டு, தமிழில், முதலிலிருந்து சொல், என்ன உடுத்தினாய், யார் பக்கத்தில் நின்றார்கள், ஒன்றையும் விடாதே. இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. அவளும் இப்போதுதான் கேட்கிறமாதிரி கேட்பாள். நேற்று குளியலறைக்குள் தனியாக, அப்படியா, எப்போம்மா என்று விதவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெளியே எனக்குக் கேட்டது.

இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, குறைவில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். ஞாயிறு காலை, மறந்துவிடாதே.

உங்கள் இருவரையும் வாழ்த்தும்,
அப்பா