மிக்கேலின் இடது இறக்கை

தேவாரம்,
வியாழக்கிழமை.

பெர்லின் பட்டணத்தையே கட்டி ஆளப்போகும் என் மருமகள் இவாஞ்சலினுக்கு, தாய்மாமன் பீட்டர்ராஜ் எழுதுவது. இங்கன யாவரும் நலம். அங்கன குளிரில் உன் மூக்கும் காதும் உதிராமல் அதனதன் இடத்தில் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

இதை உன் அத்தை ரோஸ்லின் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். போனில் சொல்லலாம்தான். நான் பேச ஆரம்பித்தால் விஷயம் வருவதற்குள் உன் ஃபெல்லோஷிப்பே முடிந்துவிடும் என்கிறாள்.

அந்த ஃபெல்லோஷிப் செய்தியை நான் ஊருக்குச் சொன்ன விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கலை வரலாற்றில் டாக்டர் பட்டம் வாங்கின கையோடு, ரெண்டு வருஷம் சம்பளமும் தந்து, தங்க இடமும் தந்து, எங்க கோயில் சுவரில் இருக்கும் பழைய சித்திரத்தைப் பற்றி எழுது தாயே என்று ஒரு பல்கலைக்கழகம் காலில் விழுகிறது என்றேன். நாலு லட்சம் பேர் போட்டி என்றேன். முன்னூறு பேர் என்றுதான் உங்க அக்கா சொன்னாக என்றான் டீக்கடைச் சுருளி. அக்காவுக்குக் கணக்கு வராது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது விஷயம். மூணு நாளாக அம்மா போனை எடுக்கவில்லை என்று பதறியிருந்தாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. நேற்று என்னைத் திட்டிய திட்டில் தோட்டத்துத் திராட்சை ஒரு வாரம் முந்திப் பழுத்துவிட்டது. மனசுதான் சரியில்லை.

நீ விண்ணப்பம் போட்ட அன்றைக்கே அக்கா நம்ம கோயில் தேவதூதர் மிக்கேல் சம்மனசுக்கு நேர்ச்சை வைத்திருக்கிறாள். பிள்ளைக்கு இது கிடைத்தால் திருவிழாவுக்கு முன்னால் கோயில் முழுக்கப் புது வர்ணம் என்று. யாரிடமும் மூச்சு விடவில்லை. திங்கட்கிழமை பெயிண்டர் வீரணனைக் கூட்டிவந்து பீடத்துக்குப் பக்கத்தில் சாரமும் கட்டிவிட்டாள். நேர்ச்சைக்காரர்தான் முதல் வர்ணத்தைத் தன் கையால் வைக்க வேண்டும், அது நம்ம வழக்கம். முழங்கால் வலியோடு ஏறி, நீ ஆராயப்போகிறாயே, முறுக்கு மீசையும் தலைப்பாகையுமாக, பூட்ஸ் போட்ட பிசாசை மிதித்துக்கொண்டிருக்கும் மிக்கேல், அவருடைய இடது இறக்கையில் வான நீல எனாமலை ஒரு முழத்துக்கு இழுத்துவிட்டாள்.

அப்போதுதான் உன் மாமன் உள்ளே நுழைந்தேன். நான் போட்ட சத்தத்தில் பண்ணைப்புரத்தில் படுத்திருந்த மாடெல்லாம் எழுந்து நின்றதாகத் தகவல். வீரணன் தின்னரும் துணியுமாக உடனே துடைக்கப் போனார். போன தடவை நீ வந்தபோது, சித்திரத்தைத் துடைக்க ஈரத்துணியோடு போன என் மணிக்கட்டைப் பிடித்து, பழைய சாயத்தில் ஒரு துகள் போனாலும் போனதுதான், அதைத்தான் லேபில் பார்க்க வேண்டும் என்று வகுப்பெடுத்தாயே, அது ஞாபகம் வந்து அவரை மடக்கினேன். நீ அந்த வகுப்பெடுத்த நேரத்தில் அக்கா வீட்டில் உனக்கு இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் காதில் அது விழவே இல்லை.

சாரத்திலிருந்து இறங்கியவளிடம் அதைச் சொன்னேன். பிரஷ்ஷைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"புள்ளை வேலை செய்யிற எடம் பளிச்சினு இருக்கட்டும்னுதான் தம்பி நினைச்சேன். அழுக்குதான் அவளுக்கு வேணும்னு எனக்கு யாரு சொன்னா?"

அந்தப் பிரஷ்ஷை நானே வாங்கி வீரணன் கையில் கொடுத்தேன்.

நேர்ச்சை பாதியில் நின்றால் உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று வேறு பயந்தாள். பங்குச் சாமியாரிடம் ஓடினேன். வெளிச்சுவரும் கோயில்தானே, அதற்கு அடிங்க, நேர்ச்சை நிறைவேறும் என்று சொன்னாக. இப்போது வெளியே நாலு பக்கமும் நீலம். ஆகாயம் எங்கே முடிகிறது, கோயில் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கொக்குகள் முட்டிக்கொள்கின்றன. உள்ளே அந்த ஒரு முழத்தைத் தவிர மிக்கேல் பத்திரம். பிசாசின் பூட்ஸுக்குக்கூடச் சேதமில்லை.

ஆனால் அக்கா போன் அடித்தால் அதை அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவிடுகிறாள். பிள்ளையின் படிப்பைத் தானே அழித்துவிட்டதாக நினைப்பு.

ஆகையால் கண்ணு, ஒரு வேண்டுகோள். ஞாயிறு பூசை முடிந்ததும் போனை அவள் கையில் நானே பிடித்துக் கொடுப்பேன். எடுத்ததும் இறக்கையைப் பற்றிக் கேட்காதே. சாப்பிட்டியாம்மா என்று கேள். அவளாகச் சொல்லட்டும். உனக்குக் கோபம் வரும், வராமல் இருக்காது. அதை ஒரு ஆறு பக்கத்துக்கு எழுதி எனக்கு அனுப்பு, என் தோல் எருமைத்தோல். அந்த நீலத்தை எடுக்க முடியுமா முடியாதா என்பதெல்லாம் நீ ஜனவரியில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

எடுக்க முடியாமல் போனால், உன் புத்தகத்தில் மிக்கேலின் மீசை, பிசாசின் பூட்ஸ் எல்லாம் எழுதி முடித்தபிறகு ஒரு வரி சேர்த்துக்கொள். இடது இறக்கையின் நீலம் ஆரோக்கியம்மாள் வைத்தது, மகளுக்காக என்று. மிச்சத்தை வரைந்தது யார் என்று தெரியாமல்தானே நீ இத்தனை வருஷம் தேடுகிறாய். இதையாவது யாரும் தேட வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு ஆத்தா. மிக்கேல் சம்மனசு, மிச்சமிருக்கும் ஒண்ணரை இறக்கையையும் விரித்து உன்னைக் காப்பாராக.

பொய்யே அறியாத உன் மாமன்,
பீட்டர்ராஜ்