ஆரஞ்சு காயும் களம்

திருப்பூர்
9.2.2026

மாமாவுக்கு,

சித்ரா எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் பதில் சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடுகிறது, நீங்கள் ஊமையாகிவிடுகிறீர்கள். அதனால்தான் உங்கள் ஊருக்கும் இங்கேயும் வந்துபோகும் மணியனின் எண்ணெய் வேனில் ஆரஞ்சு மூட்டையோடு இந்தக் கடிதம்.

கம்பெனியில் பனியன் ஆர்டர் இல்லை. செக்கிங் டேபிளில் இப்போது மாலை கட்டுகிறோம், சாமிக்கு இல்லை. காய்ந்த ஆரஞ்சு வில்லை, பட்டை, அன்னாசிப்பூ, பிரிஞ்சி இலை எல்லாவற்றையும் சணலில் கோத்தால் வெளிநாட்டில் கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கவிடுவார்களாம். நாம் குழம்பில் போடுவதை அவர்கள் கதவில் போடுகிறார்கள்.

ஆரஞ்சு வில்லைகளை இங்கே மாடியில் காயவைத்தால் பாய்லர் கரி படிகிறது. நீங்கள் வேலை பார்க்கும் கொப்பரைக் களத்தில் ஒரு மூலை கிடைக்குமா? வேறு எதையும் கேட்கவில்லை.

சித்ராதேவி


காங்கேயம்
16.2.2026

சித்ராவுக்கு,

மூட்டை வந்தது. வெயில் நன்றாக இருந்தது. திருப்பித் திருப்பிப் போட்டேன், எறும்பு வரவில்லை. முருங்கை பூத்திருக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி. உடம்பைப் பார்த்துக்கொள்.

மகுடேஸ்வரன்


திருப்பூர்
21.2.2026

மாமா,

மூட்டையைப் பிரித்ததும் ஹால் முழுக்கத் தேங்காயெண்ணெய் வாசம். சூப்பர்வைசர் தரணி மோந்து பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, இது கதவுக்குங்களா, தலைக்குங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன். அத்தனையும் குப்பைக்குப் போனது.

எண்ணெய் ஊறிய களத்தில் போட்டால் வாசம் ஏறும் என்று உங்களுக்குத் தெரியாதா? உங்கள் சட்டையை இத்தனை வருஷம் துவைத்த எனக்கும் தோன்றவில்லை, அது என் புத்தி. ஆனால் "வேண்டாம் சித்ரா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குழந்தை இல்லை என்று அத்தை என் எதிரிலேயே உங்களுக்கு வேறு பெண் பார்க்கிற பேச்சை எடுத்தபோதும் இப்படித்தான், சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் நான் பையைத் தூக்கியிருக்க மாட்டேன்.

அலுத்துவிட்டது மாமா. இன்னும் ஒரு மூட்டை அனுப்புகிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள்.

சித்ராதேவி


காங்கேயம்
1.3.2026

சித்ராவுக்கு,

இந்தத் தடவை களத்தில் போடவில்லை. நம்ம ஊட்டு மாடியில் புது நிழல்வலை விரித்துப் போட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட்டேன். பனி இறங்குவதற்குள் உள்ளே எடுத்து வைத்தேன்.

வாசம் ஏறும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் நீ வேறு இடம் பார்த்துக்கொள்வாய், மூட்டை வராது. அதனால் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

மகுடேஸ்வரன்


திருப்பூர்
9.3.2026

மாமா,

இந்தத் தடவை ஆரஞ்சு ஆரஞ்சாகவே மணக்கிறது. தரணி கூட நல்லா இருக்கிறது என்றாள்.

கம்பெனியில் காயவைக்கிற மெஷின் வாங்கிவிட்டார்கள். இனி மூட்டை வராது. நீங்கள் காயவைத்த வில்லையில் கட்டிய மாலை ஒன்றை மணியனிடம் கொடுத்திருக்கிறேன். பிள்ளை பெறாதவள் கட்டியதை வாசலில் மாட்டாதே என்று அத்தை சொல்வார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதும் தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். பீரோவுக்குள் தொங்கவிடுங்கள், பூச்சி அண்டாது. கோபப்படக்கூட எனக்கு இனித் தெம்பில்லை.

சித்ராதேவி


காங்கேயம்
14.3.2026

சித்ராவுக்கு,

மூட்டை இல்லாததால் இதைத் தபாலில் போடுகிறேன்.

மாலையை வாசல் நிலையில் ஆணி அடித்து மாட்டினேன். நீ எழுதியதையே அம்மா சொன்னாள். கழற்றச் சொன்னாள். "அது சித்ரா கட்டுனதுங்கம்மா. அங்கயே இருக்கட்டும். வேற பொண்ணு எனக்கு வேண்டாங்க" என்றேன். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை, சோறு மட்டும் போட்டு வைக்கிறாள்.

நீ வரவேண்டும் என்று இதை எழுதவில்லை. அன்றைக்குச் சொல்ல வேண்டியதை இப்போது சொல்லியிருக்கிறேன், அது பிந்திவிட்டது என்று எனக்கே தெரிகிறது.

மத்தியானம் வாசலில் நல்ல வெயில் படுகிறது. வில்லைகள் ஒரே பக்கம் வெளுத்துவிடாமல் தினமும் திருப்பிவிடுகிறேன்.

மகுடேஸ்வரன்