சிவப்பு ஊசியும் கல் கழுவிய கைகளும்

மார்ச் 4
முஜிங்கா அக்கா ஒற்றைச் செருப்போடு என் கிளினிக்குக்கு வந்தாள். மற்றது வழியில் கழன்றது அவளுக்குத் தெரியவே இல்லை. அவ்வளவு மரத்துப்போன பாதங்கள். பி12 குறைவு என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டு சொல்கிறது. சிவப்பு ஊசி போட்டேன். எங்கள் காங்கோ சுரங்க ஊரான கொல்வேசியில் சளி பிடித்தால்கூட இந்த ஊசியைத்தான் கேட்பார்கள்; நிஜமாகவே தேவைப்படுகிற ஒருத்தி கடைசியில் வந்தாள்!

மார்ச் 6
அக்காவுக்கு ஊசி போட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தடிப்பு. "ஊசியா போட்ட? எறும்புப் புத்தையில்ல உள்ள வச்சிட்ட!" இனி ஊசியே வேண்டாமாம். விட்டால் நடையே போய்விடும். எப்படிப் புரியவைப்பேன்?

மார்ச் 7
அக்காவோடு ஏரியில் தாதுக்கல் கழுவும் இன்னும் இரண்டு பெண்களுக்கும் அதே தடிப்பு. ரொட்டி விற்கிறவளுக்கு இல்லை. பள்ளி வாத்தியாருக்கும் இல்லை. எல்லாருக்கும் போட்டது ஒரே பெட்டி மருந்து. ஏன்?

மார்ச் 8
மருந்து கெட்டுப்போனது என்று சந்தையெல்லாம் பேச்சு. கோபம் வந்து, அக்காவின் கண்ணெதிரே எனக்கே போட்டுக்கொண்டேன். "பாத்துக்க, எனக்கு ஒண்ணும் ஆகாது."

மார்ச் 10
ஆகிவிட்டது. ஐயோ, என்ன அரிப்பு! உட்கார முடியலை. அப்போ மருந்துதான் கெட்டதா? ரொட்டிக்காரிக்கு மட்டும் ஏன் வரலை? நானென்ன கல்லா கழுவு—

கழுவினேனே.

நர்ஸ் படிப்புக்கு முன்பு மூன்று வருஷம், இடுப்பளவு தண்ணீரில். இங்கே யாரிடமும் சொன்னதில்லை. அப்போது கை வெடித்து அரித்ததைச் சேற்றுப்புண் என்று நினைத்தோம்.

மார்ச் 11
பெரியாஸ்பத்திரி டாக்டருக்குப் போன் செய்தேன். பி12-க்குள்ளேயே கோபால்ட் இருக்கிறதாம்! நாங்கள் கழுவியதும் அதுதானே? தோல் ஒருமுறை பகைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் மறக்காதாம். ஊசியை நிறுத்தி, குறைந்த அளவில் மாத்திரை கொடுத்து, பக்கத்திலிருந்து கவனிக்கச் சொன்னார்.

மார்ச் 12
அக்காவை நம்பவைக்க என் கதையையும் சொல்லவேண்டியிருந்தது. மேலும் கீழும் பார்த்தாள். "அடிப்பாவி! 'சேத்துக் காலோட உள்ள வராதே'ன்னு எங்கள விரட்டினவ நீதானடி?" சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 2
மாத்திரைக்கு லேசான அரிப்புதான். கல் கழுவுவதை நிறுத்தச் சொன்னேன். "நிறுத்திட்டு?" என்றாள். கையுறை கொடுத்தேன். ஏரியில் எல்லாரும் அவளை "டாக்டரம்மா வந்துட்டாங்க" என்று கேலி செய்தார்களாம்.

மே 19
காலையில் அக்கா மாத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செருப்பு கழன்றது. சட்டென்று நின்று, குனிந்து எடுத்தாள்.

"என்னடி அப்படிப் பாக்குற? தரை ஜில்லுனு இருக்கு."